நாலு மணி முதல் நாலரை வரை

சட்டப் பிரிவு அம்மாளின் மூன்றரை மணியைப் பிடித்து இழுத்து, நாலே முக்காலில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"பாப்பா..."

"இதோ வரேன்ப்பா."

நாற்பத்து நாலு வயதுப் பாப்பா. காலையிலிருந்து இது ஆறாவது 'இதோ வரேன்'. கூடத்துச் சாப்பாட்டு மேசைதான் இரண்டு மாதமாக அவளுக்கு ஆபீஸ். அங்கிருந்து பத்தடி நடந்தால் அப்பாவின் கட்டில். அந்தப் பத்தடிக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அவள் வேலையை வெளியே சொன்னால் இதெல்லாம் ஒரு வேலையா என்பார்கள். கம்பெனியில் பெரிய தலைகள் ஒன்பது பேர். ஒன்பது பேரின் கேலண்டரும் அவள் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும், ஆளுக்கொரு நிறத்தில். எம்.டி. நீலம், ஃபைனான்ஸ் மேனேஜர் ஆரஞ்சு, சட்டப் பிரிவு அம்மாள் பச்சை. யார் யாரை எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும், யாரைப் பார்க்காமல் தப்பிக்க வேண்டும், எல்லாம் அவள் விரல்தான். அவர்கள் பெயரில் அவளே ஒத்துக்கொள்வாள், அவர்கள் பெயரில் அவளே வருத்தமும் தெரிவிப்பாள். போன வருடம் எம்.டி. தயங்கித் தயங்கி, "எங்கப்பாவைப் போய்ப் பாக்கணும், ஏதாவது ஒரு நாள் போடுங்க" என்றார். அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போட்டாள். தள்ளச் சொன்னார். தள்ளினாள். ஏழு தடவை தள்ளி, எட்டாவது தடவை, "சரி, விட்டுடுங்க" என்றார். அழித்தாள்.

அவளுக்கும் ஒரு நிறம் உண்டு. சாம்பல். மற்றவர்கள் கேலண்டரில் ஒரு நேரம் போட்டால் 'சம்மதமா?' என்று கேட்கும். அவளுடையது கேட்காது. காலியாக இருந்தால் தானே ஒத்துக்கொள்ளும். அப்படி வைத்துக்கொண்டவளும் அவளேதான்.

ஆபீசில் அவளுக்குக் கேலண்டர் அக்கா என்று பெயர். அத்தை வைத்த பெயர் வேறு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டியோடு வந்து ஒரு மாதமாக இங்கேயே இருப்பவள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி" என்பாள். பழமொழியின் மிச்சத்தைச் சொல்ல மாட்டாள். அந்தப் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் எல்லாருக்கும் தெரியுமே.

லீவு கேட்காமல் இல்லை. "தாராளமா எடுத்துக்கோங்க மேடம். உங்க இடத்துல யாரை உக்கார வைக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்கள். உட்கார வைக்க ஆள் ஏது? பதினோரு வருடத்தில் இரண்டு பேரைக் கொண்டுவந்து பழக்கிவிடச் சொன்னார்கள். இரண்டு பேரையும், "அவங்களுக்கு இது சரிப்படாது சார்" என்று அவளேதான் திருப்பி அனுப்பினாள். ஒன்பது பெரிய மனிதர்களின் நேரம் தன் ஒருத்தி கையில் என்பதில் அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு பெருமை. பெருமையா அது, மடத்தனம். இப்போது லீவும் எடுக்க முடியாது, எழுந்திருக்கவும் முடியாது.

இந்த வாரம் இன்னும் மோசம். பணம் போடுகிறோம் என்று வெளியூரிலிருந்து சிலர் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒன்பது பேரையும் சேர்த்து இரண்டு மணி நேரம் அவர்கள் முன்னால் உட்கார வைக்க வேண்டும். தவளையைத் தராசில் வைத்து நிறுக்கிற வேலை. ஒருவரைப் பிடித்து வைத்தால் இன்னொருவர் குதித்துவிடுவார். டாக்டர் நேற்று வந்து பார்த்துவிட்டு, "ஒரு வாரமும் போகலாம், பத்து நாளும் போகலாம்" என்று சொல்லியிருந்தார். அவள் பத்து நாளை எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை முடியட்டும், திங்கட்கிழமையிலிருந்து அப்பா பக்கத்திலேயே இருந்துவிடலாம். இன்றைக்கு வியாழன்.

பச்சைக் கட்டம் நாலே முக்காலில் உட்கார்ந்ததும் எழுந்து போனாள். ஆக்சிஜன் மெஷின் கட்டிலுக்கு அடியில் முனகிக்கொண்டிருந்தது. அப்பாவின் கண்ணில் இன்றைக்கு நல்ல தெளிவு.

"என்னப்பா?"

"ஒரு அரை மணி நேரம் உக்காரேன். ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கப்பா." சொல்லி வாய் மூடவில்லை, கையிலிருந்த ஃபோன் அடித்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

அப்பா சிரித்தார். "நின்னுக்கிட்டுக் கேக்குற விஷயம் இல்ல பாப்பா."

"ஒரே ஒரு ஃபோன்ப்பா..."

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் நேரம் போட்டுக் குடுக்குறே. எனக்கும் ஒண்ணு போடேன்."

தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த அத்தை விடுவாளா? "அப்படிக் கேளுண்ணே. நீயும் ஒரு கோட்டு எடுத்து மாட்டிக்கோ. அப்பத்தான் உன் மக திரும்பிப் பாப்பா."

அவளுக்குச் சுருக்கென்றது. "நாலு மணிக்குப்பா. நாலுல இருந்து நாலரை வரைக்கும். யாரு கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். போதுமா?"

"சரிங்க மேடம். எழுதி வச்சுக்குவீங்களா?"

"எழுதி வச்சுக்கறேன்."

"எழுதி வச்சா நடந்துடுமா?"

"எங்க ஆபீஸ்ல எழுதி வச்சாத்தாம்பா நடக்கும்."

அப்பா ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக்கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என்ன வேண்டுமானாலும் பேசுவார், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். "அஞ்சு நிமிஷம்னு சொன்னா ஆறாவது நிமிஷம் கதவை உதைப்பான்" என்பார். அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்கு நேரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேசைக்கு வந்தாள். எம்.டி.க்குச் சனிக்கிழமை விமானம். அதைக் கேலண்டரில் ஏற்றினாள். கையோடு கையாக நாலு மணியிலிருந்து நாலரை வரை ஒரு கட்டம் இழுத்து, அதில் 'அப்பா' என்று அடித்தாள். வேறு யாரும் உள்ளே எட்டிப்பார்க்காதபடி பூட்டும் போட்டாள். அழுத்தினாள். ஜன்னல் வெயில் திரையில் விழுந்து எல்லா நிறமும் வெளுத்துக் கிடந்தது.

மூன்றரைக்குக் கூடத்தில் இஸ்திரிப் பெட்டி சூடான வாசனை. அத்தை தரையில் போர்வையை மடித்துப் போட்டு, அப்பாவின் வெளிர்நீலச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அத்தை இப்ப போயி?"

"நாலு மணிக்கு மீட்டிங்காம்ல உங்கப்பாவுக்கு! தேச்ச சட்டை வேணுமாம். தலை வேற சீவிவிடணுமாம். போற போக்கைப் பாத்தா ஷூ கேப்பாரு போல."

சிரித்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. உள்ளே அத்தை அவர் கையை மெல்ல நுழைத்துச் சட்டை மாட்டிவிடுவதும், "மெதுவா, மெதுவா" என்று அப்பா சொல்வதும், அத்தை ஏதோ கேலி பண்ணுவதும் கேட்டன. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் சேமித்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

கம்ப்யூட்டர் அடித்தது. ஃபைனான்ஸ் மேனேஜர்.

நாலு மணிக்குத்தான் அடைத்து வைத்தோமே, இவர் எப்படி உள்ளே வந்தார்? யோசித்துக்கொண்டே ஹெட்ஃபோனை மாட்டினாள். இரண்டு நிமிடத்தில் வெட்டிவிடலாம்.

"மேடம், எம்.டி. எங்க?"

"ரூம்லதான் இருப்பார் சார்."

"எங்க இருக்கார்? மூணே முக்காலுக்கு எந்திரிச்சார், கார் சாவியை எடுத்தார், போயிட்டார். டிரைவரைக்கூடக் கூப்பிடல. நாளைக்குக் காட்டுற பேப்பர்ல கையெழுத்து வேணும், ஃபோனும் எடுக்க மாட்டேங்கறார். அவர் கேலண்டரைப் பாத்தா நாலுல இருந்து நாலரை வரைக்கும் அடைச்சிருக்கு. என்னன்னு தெரியல, பூட்டியிருக்கு. உங்களுக்குத் தெரியுமில்ல?"

நாலிலிருந்து நாலரை. வெயிலை மறைத்து உள்ளங்கையைத் திரைமேல் வைத்துப் பார்த்தாள். நாலு மணியில் நீலக் கட்டம். உள்ளே 'அப்பா'. பக்கத்தில் அவளுடைய சாம்பல் நிறத்தில், அவளைக் கேட்காமலே ஒத்துக்கொள்ளப்பட்டு, ஃபைனான்ஸ் மேனேஜரின் அழைப்பு.

புதிதாக ஒரு நேரம் போடும்போது, யாருடைய கேலண்டர் என்று மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். கடைசியாக யாருக்குப் போட்டோமோ அந்தப் பெயரிலேயே நிற்கும். மாற்ற வேண்டும். பதினோரு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட மாற்ற மறந்ததில்லை, ஒன்பது பேருக்காகப் போடும்போது. தனக்கென்று போட்டுப் பழக்கமிருந்தால்தானே?

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "மணி நாலாச்சா?"

"ஆச்சுண்ணே. வந்துடுவா."

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

'அது எங்கப்பா சார், தப்பா விழுந்துடுச்சு' என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் கேலண்டர் அக்கா தப்புப் பண்ணிவிட்டாள் என்று ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். எம்.டி. எங்கே போனாரோ, அதுவும் தன் தலையில் விடியும். வாய் தன் பாட்டுக்குப் பழகிய வழியில் போயிற்று. "பெர்சனல் சார். நாலரைக்கு வந்துடுவார்."

"அப்ப நாலரைக்கு எனக்குப் போட்டுடுங்க."

"நாலே முக்காலுக்குச் சட்டப் பிரிவு அம்மா வராங்க சார்."

"அவங்களைத் தள்ளுங்க."

தள்ளினாள். அவரைத் தள்ளியதில் விற்பனைப் பிரிவு இடித்தது. அவரை நகர்த்தினாள். ஒன்றை இழுத்தால் நாலு சரிந்தது. "ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூலையிலிருந்த மணிமேல் வைத்திருந்தாள். நாலு ஏழு. நாலு ஒன்பது. அடுத்தது அந்த நீலக் கட்டத்தை அழிக்க வேண்டும். அதன்மேல் கொண்டுபோய் அம்புக்குறியை வைத்தாள்.

"அம்மாடி, வா."

அத்தை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தண்ணீர் கேட்கிறார், தலையணையைத் தூக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

பத்தடி. ஹெட்ஃபோனைக் கழற்றத் தோன்றாமல் ஓடினாள். அப்பா தேய்த்த சட்டையில், கழுத்துவரை பொத்தான் போட்டு, வகிடெடுத்த தலையோடு கதவைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார். கட்டிலுக்கு அடியில் மெஷின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அத்தையின் கையில் சீப்பு.

"இப்பத்தான் அம்மாடி. பேசிக்கிட்டே இருந்தாரு. வந்துடுவா வந்துடுவான்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

காதுக்குள் ஃபைனான்ஸ் மேனேஜரின் குரல். "மேடம்? அப்ப நாலரை உறுதிதானே?"

"உறுதிதான் சார்" என்றாள்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, கூடத்தின் நடுவே அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சட்டையை மாற்ற வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். வாடகை நாற்காலிகளில் அக்கம்பக்கத்தார், அப்பாவோடு வேலை பார்த்த கிழவர்கள் நாலு பேர், சொந்தக்காரர்கள். வருகிறவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, உடனே கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?"

சித்தப்பாவுக்குப் பதினொன்றுக்குள் முடிந்தால் தேவலை. வெளியூர் மாமா பன்னிரண்டுக்குத்தான் வந்து சேர்வார். வண்டிக்காரருக்கு ஒரு மணிக்கு இன்னொரு சாவு. அவள் மூன்று பேரிடமும் பேசி, மாமாவை முந்தைய ரயிலில் ஏற்றி, பதினொன்றரை என்று முடிவுபண்ணினாள். முடிவுபண்ணிய பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. தன் விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அத்தைக்கு அழுகை பேச்சாகத்தான் வரும். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதை. "நாலு மணிக்கு மகளோட மீட்டிங்னு சட்டை மாத்திக்கிட்டாரு எங்கண்ணன். நாலாச்சான்னு ரெண்டு தடவை கேட்டாரு." கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். போதும், நிறுத்துங்கள் அத்தை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அத்தை ஒன்றும் பொய் சொல்லவில்லையே.

"என்ன சொல்லணும்னு இருந்தாருன்னு உங்ககிட்டயாவது சொன்னாரா அத்தை?" என்று காலையில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"நான் கேக்காமலா இருப்பேன்? 'அது அவளுக்கு உள்ளது, உனக்கு எதுக்கு'ன்னுட்டாரு."

பதினோரு மணிக்கு எம்.டி. வந்தார். வெள்ளிக்கிழமை, வெளியூர்க்காரர்கள் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நேரம். அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுவரோரம் மேசைப் பக்கம் அவளிடம் வந்தார். இரண்டு நாள் தூங்காதவர்போல் கண் சிவந்திருந்தது.

"உங்ககிட்ட இப்ப பேசக் கூடாது. ஆனா பேசாம போனா எனக்குத் தாங்காது மேடம்."

"சொல்லுங்க சார்."

"நேத்து மூணே முக்காலுக்கு, நாலு மணிக்கு ஒண்ணு இருக்குன்னு கேலண்டர் ஃபோன்ல அடிச்சுது. எடுத்துப் பாத்தா 'அப்பா'ன்னு மட்டும் போட்டிருக்கு. விட்டுடுங்கன்னு நான் சொல்லியும் நீங்க போட்டிருக்கீங்க. முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் நெனச்சுப் பாத்தேன். உங்கப்பா இப்படிக் கிடக்கறப்ப, உக்காந்து எனக்காக அதைப் போட்டிருக்கீங்க. அதுக்கு மேல நாற்காலியில உக்கார முடியல. போயிட்டேன்."

அவள் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

"எங்கப்பாதான் கதவைத் தொறந்தாரு. ஏண்டா வந்தேன்னு கேக்கல. டீ போட்டுக் குடுத்தாரு. சர்க்கரை போட மறந்துட்டாரு. அப்படியே குடிச்சேன். அரை மணி நேரம்தான். அவ்வளவுதான் மேடம், வேற ஒண்ணும் பேசல." "ரெண்டு வருஷம் ஆச்சு, அவர் மூஞ்சியைப் பாத்து."

அது என்னுடைய அரை மணி நேரம். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. எனக்கென்று போட்டது, உங்கள் பக்கம் விழுந்துவிட்டது, நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்றும் உடனே தெரிந்தது. அந்தச் சர்க்கரையில்லாத டீயும் அவருக்கு இல்லாமல் போகும். அப்பாவுக்கும் அது திரும்பக் கிடைக்காது. விழுங்கினாள்.

"நல்லது சார்" என்றாள்.

அத்தைக்குப் பாதி காதில் விழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து அவள் தோளைத் தடவினாள். "பாத்தியா அம்மாடி, உன்னால ஒரு வீட்ல அப்பனும் புள்ளையும் சேந்திருக்காங்க. எங்கண்ணன் கேட்டிருந்தா எம்புட்டுச் சந்தோஷப்பட்டிருப்பாரு." அந்தக் கையைத் தட்டிவிடாமல் நிற்பதற்கே அவளுக்குப் பலமெல்லாம் தேவைப்பட்டது.

எம்.டி. வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"அவசரமே இல்ல. நீங்க எப்பத் திரும்ப வந்தாலும் சரி. அதை வாராவாரம் அதே நேரத்துக்குப் போட்டுட முடியுமா? நானே போட்டா தள்ளிடுவேன். நீங்க போட்டா போயிடுவேன்."

"இப்பவே போட்டுடறேன் சார்."

"ஐயோ, இப்ப எதுக்கு மேடம்..."

அதற்குள் ஃபோன் அவள் கைக்கு வந்துவிட்டது. நேற்றைய நீலக் கட்டம் அப்படியே இருந்தது, அழிக்கப்படாமல். தொட்டுத் திறந்தாள். 'ஒரு தடவை' என்று இருந்ததை 'வாராவாரம்' என்று மாற்றினாள். 'எதுவரை?' என்று கேட்டது. தேதி எதுவும் போடாமல் விட்டாள்.

மேலே, யாருடைய கேலண்டர் என்கிற சின்னக் கட்டத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். எம்.டி. பெயர்தான் இருந்தது. அழுத்தினாள். அடுத்த வியாழன், அதற்கடுத்த வியாழன் என்று நீலக் கட்டங்கள் வரிசையாக விழுந்தன.

வாசலில் வண்டி வந்து நின்றது. கூடத்தின் நடுவே அத்தை குனிந்து, அப்பாவின் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள்.